இருளற்ற வானம்

இரவில் முற்றத்தில் நின்று வானத்தை அண்ணாந்து நோக்கும் எவரும் இரண்டைக் காண்பர். ஒன்று, விண்மீன்கள், மற்றொன்று, அவற்றிற்கு இடையே பரந்து கிடக்கும் இருள். விண்மீன்களைப் பற்றிப் பேசியோர் பலர். அந்த இருளைப் பற்றிப் பேசியோர் சிலரே. ஆனால் நம் கண்கள் இப்போது காணும் ஒளிக்குப் பதிலாக எக்ஸ் கதிர்களைக் காணும் ஆற்றல் பெற்றிருந்து, நாமும் வளிமண்டலத்திற்கு மேலே நின்றிருப்போமாயின், அந்த இருள் இராது. எத்திசையை நோக்கினும், விண்மீன் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும், மங்கலான ஒளியொன்று வானமெங்கும் ஏறத்தாழ ஒரே சீராய்ப் பரவியிருக்கக் காண்போம். இதனையே அறிவியலார் 'பிரபஞ்சத்தின் எக்ஸ் கதிர்ப் பின்னணி' என்று அழைக்கின்றனர்.

இவ்வொளி எவ்வளவு? இஃது எங்கிருந்து வருகிறது? இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண அறிவியலார் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக உழைத்து வருகின்றனர். அளப்பது என்பது எத்துணை அரிய செயல் என்பதையும், அழகாகப் பொருந்தும் விடையெல்லாம் உண்மையான விடை ஆகிவிடாது என்பதையும் அவர்களது முயற்சியின் வரலாறு நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

நமக்குக் கூரையாய் அமைந்த காற்று

எக்ஸ் கதிர்களை 1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் ஜெர்மனியின் வூர்ஸ்புர்க் நகரில் வில்லெம் ரோன்ட்கன் கண்டறிந்தார். அவற்றின் இயல்பு அன்று விளங்காமையால், கணிதத்தில் அறியாத எண்ணைக் குறிக்கும் 'எக்ஸ்' என்னும் எழுத்தையே அவற்றிற்குப் பெயராக இட்டார். நெஞ்சுச் சளிக்கும் எலும்பு முறிவுக்கும் மருத்துவமனையில் படம் எடுத்துக்கொண்டோர் யாவரும் இக்கதிர்களை அறிவர். இவையும் ஒளியே, ஆனால் கண் காணும் ஒளியைவிடப் பல்லாயிரம் மடங்கு ஆற்றல் மிக்க ஒளி.

உடலை ஊடுருவும் கதிர் காற்றை ஊடுருவாதா என்று வாசகர்கள் வினவலாம். காற்று மெல்லியதுதான், ஆனால் நம் தலைக்கு மேல் உள்ள காற்று முழுவதன் எடை, பத்து மீட்டர் ஆழமுள்ள நீரின் எடைக்கு ஒப்பாகும். அத்தனை தடிப்பான போர்வையை வானத்து எக்ஸ் கதிர்களால் கடக்க இயலாது. உயிர்கள் வாழ்வதற்கு இது பெரும் பாதுகாப்பு. வானை ஆராய்பவர்களுக்கோ இதுவே பெருந்தடை. எத்துணை உயரமான மலையில் தொலைநோக்கியை நிறுவினும் பயனில்லை. கருவியைக் காற்றுக்கு மேலே கொண்டு செல்ல வேண்டும்.

நிலவைத் தேடிப் போன ராக்கெட்

1949-ஆம் ஆண்டு அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தோர், போரில் கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய வி-2 ராக்கெட்டில் கருவிகளை ஏற்றியனுப்பிக் கதிரவனிடமிருந்து எக்ஸ் கதிர்கள் வருவதை உறுதி செய்தனர். கதிரவன் நமக்கு அண்மையில் இருப்பதாலேயே அது புலப்பட்டது. அதே அளவு எக்ஸ் கதிரை வெளியிடும் வேறொரு விண்மீன், தொலைவின் காரணமாக அன்றைய கருவிகளுக்கு எள்ளளவும் எட்டாது. ஆதலின் கதிரவனுக்கு அப்பால் தேடுவது வீண் முயற்சி என்று பலர் கருதினர்.

அவ்வாறு கருதாதவருள் இருவர் இத்தாலி நாட்டில் பிறந்து வளர்ந்து, அமெரிக்காவில் பணியாற்றியவர்கள்: முதியவர் புருனோ ராசி, இளையவர் ரிக்கார்டோ ஜியாக்கோனி. இவர்களும் தோழர்களும் தங்கள் முயற்சிக்குக் கூறிய நோக்கம் எளிமையானது. கதிரவனின் கதிர்கள் நிலவின் மேற்பரப்பைத் தாக்கும்போது அங்கிருந்து எக்ஸ் கதிர்கள் எழவேண்டும். அவற்றைக் காண்போம் என்றனர். 1961-இல் அனுப்பிய ராக்கெட்டில் கருவிகளை மூடியிருந்த கதவுகள் திறக்கவே இல்லை. ஆயினும் அவர்கள் மனம் தளரவில்லை. 1962-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள், நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன்னதாக, நியூ மெக்சிகோ மாநிலத்து ஒயிட் சாண்ட்ஸ் தளத்திலிருந்து ஏரோபீ ராக்கெட் ஒன்று மேலெழுந்தது. அஃது ஏறத்தாழ 225 கிலோமீட்டர் உயரத்தை எட்டியது. கருவிகள் வானை நோக்கிய நேரம் ஆறு நிமிடத்திற்கும் குறைவு.

அந்த ஆறு நிமிடத்தில் நிலவு புலப்படவில்லை. எதிர்பாராத இரண்டு புலப்பட்டன. ராக்கெட் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு செல்ல, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குறிப்பிட்ட திசையில் எக்ஸ் கதிர்களின் எண்ணிக்கை திடீரென உயர்ந்தது. அங்கே, விருச்சிக விண்மீன் கூட்டத்தில், மிகுந்த ஆற்றல் வாய்ந்த ஒரு பொருள் இருந்தது. அதைவிட்டு வேறு எத்திசை திரும்பியபோதும் எண்ணிக்கை சுழிக்கு இறங்கவே இல்லை என்பது இரண்டாவது புதுமை. வானமெங்கும் ஏதோ ஒன்று மங்கலாய் ஒளிர்ந்துகொண்டிருந்தது. பிரபஞ்சம் முழுவதையும் நிறைக்கும் நுண்ணலைப் பின்னணியைப் பென்சியாசும் வில்சனும் அறிவித்து உலகப் புகழ் பெற்றது 1965-இல். எக்ஸ் கதிர்ப் பின்னணியோ அதற்கு மூன்று ஆண்டுகள் முந்தியது.

வானமா, கருவியா?

சீரான ஒளியை அளப்பது தனியொரு விண்மீனை அளப்பதைவிடக் கடினம். காரணத்தைச் சற்றே சிந்திப்போம். விண்மீன் எனின், அதை நேராக நோக்கி ஒருமுறையும், சற்று விலகி ஒருமுறையும் எண்ணி, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துவிடலாம். ஒளி எல்லாத் திசையிலும் ஒன்றாகவே இருந்தால் விலகி நோக்குவது எங்கே? மேலும் விண்வெளியில் விரைந்து திரியும் மின்துகள்கள் கருவியைத் தாக்கி, எக்ஸ் கதிர் வந்தது போன்ற பொய்க் குறிப்புகளை இடைவிடாமல் எழுப்புகின்றன. வெறும் தட்டின் எடையை அறிய இயலாத தராசில் பொருளை வைத்து நிறுத்தால், பொருளின் எடை எவ்வளவு, தட்டின் எடை எவ்வளவு என்று யார் கூற முடியும்?

1970-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள், கென்யா நாட்டுக் கடற்கரைக்கு அப்பால் அமைந்த மேடையிலிருந்து எக்ஸ் கதிர் ஆய்வுக்கென்றே அமைந்த முதல் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அன்று கென்யாவின் விடுதலை நாள். ஆகவே அந்நாட்டுச் சுவாகிலி மொழியில் விடுதலை எனப் பொருள்படும் 'உகூரு' என்னும் பெயர் அதற்கு வழங்கலாயிற்று. அது எக்ஸ் கதிரை வெளியிடும் 339 பொருள்களைப் பட்டியலிட்டது. ஆயினும் பின்னணி ஒளியின் பெரும்பகுதி இப்பட்டியலில் அடங்கவில்லை.

பின்னணியைத் திருத்தமாக அளக்கும் வழியைக் காட்டியது, 1977-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-இல் ஏவப்பட்ட எச்.இ.ஏ.ஓ.-1 என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோள். எலிகு போல்ட் தலைமையில் அதில் அமைக்கப்பெற்ற கருவியின் நுட்பம் பாராட்டத்தக்கது. ஒரே கருவிக்கு இரண்டு சாளரங்கள். ஒன்று அகன்றது, மற்றொன்று குறுகியது. இரண்டும் ஒரே திசையை நோக்குவன. மின்துகள்களால் எழும் பொய்க் குறிப்பு இரண்டிலும் சமம். வானத்திலிருந்து வரும் ஒளியோ அகன்ற சாளரத்தில் மிகுதி, குறுகியதில் குறைவு. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் கருவியின் இரைச்சல் மறைந்து, வானத்தின் ஒளி மட்டும் எஞ்சும்.

பொருந்திய விடை, பொய்த்த விடை

அந்த அளவீடு 1980-இல் வெளியானபோது ஆய்வாளர்கள் வியந்தனர். எக்ஸ் கதிர்களின் ஆற்றலைக் 'கிலோ எலக்ட்ரான் வோல்ட்' என்னும் அலகால் அளப்பர். 3 முதல் 50 அலகு வரை பின்னணி ஒளி எவ்வாறு கூடிக் குறைகிறது என்று வரைந்து பார்த்தபோது, மிக வெப்பமான ஒரு வாயு வெளியிடும் ஒளியின் வரைகோட்டோடு அது வெகு அழகாகப் பொருந்தியது. அவ்வாயுவின் வெப்பம் நாற்பது கோடி டிகிரிக்கும் மேல் இருத்தல் வேண்டும். விண்மீன் திரள்களுக்கு இடையே உள்ள வெளி முழுவதும் இத்தகைய வாயு நிரம்பியிருக்கிறது என்றால் எல்லாம் விளங்கிவிடும். கோடும் புள்ளிகளும் இத்துணை நேர்த்தியாகப் பொருந்துவதைக் கண்டபின் ஐயுறுவதற்கு என்ன இருக்கிறது?

ஐயுற்றோரும் இருந்தனர். அவ்வளவு வெப்பமான வாயு வெளியெங்கும் பரவியிருந்தால், அதன் வழியே வரும் நுண்ணலைப் பின்னணியின் ஒளித்துகள்கள் விரைந்து திரியும் எலக்ட்ரான்களோடு மோதி ஆற்றல் பெற்றிருக்க வேண்டும். அந்த மோதலின் தடம் நுண்ணலையில் பதிந்திருக்க வேண்டும். 1989-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் ஏவப்பட்ட கோபி செயற்கைக்கோள் நுண்ணலைப் பின்னணியை நுணுகி அளந்து, 1990-இன் தொடக்கத்தில் முதல் முடிவை அறிவித்தது. தடம் ஏதும் இல்லை. எக்ஸ் கதிர்ப் பின்னணியில் அந்த வெப்ப வாயுவின் பங்கு மிகமிகச் சிறியதே என்பது உறுதியாயிற்று. வரைகோடு பொருந்தியது தற்செயலே.

எனவே வேறு வழி ஒன்றுதான் எஞ்சியது. ஊர்த் திருவிழாவைத் தொலைவிலிருந்து கேட்போர்க்கு அஃது ஒரே இரைச்சலாகக் கேட்கும். நெருங்கிச் சென்றால், வளையல் விற்பவரின் கூவலும், சிறுவரின் சிரிப்பும், பெரியவர்களின் பேச்சும் தனித்தனியே கேட்கும். அதுபோல் இச்சீரான ஒளியும், தனித்தனியே எண்ண இயலாத அளவு தொலைவில் உள்ள கோடிக்கணக்கான பொருள்களின் ஒளித் தொகுதியாக இருத்தல் வேண்டும்.

கூட்டத்தைப் பிரித்தறிதல்

நெருங்கிச் செல்ல நம்மால் இயலாது; கூர்மையாகப் பார்க்கவே இயலும். ஆனால் எக்ஸ் கதிரைச் சாதாரண ஆடியில் பட்டுத் திரும்பச் செய்ய முடியாது. அஃது ஆடிக்குள்ளேயே புகுந்துவிடும். குளத்து நீரில் ஓட்டாஞ்சில்லை நேர்க்குத்தாகப் போட்டால் மூழ்கும். சாய்வாக எறிந்தால் தத்தித் தத்திச் செல்லும். எக்ஸ் கதிரும் அவ்வாறே, ஆடியின் பரப்பை மிகச் சாய்வாக உராய்ந்து செல்லுமாறு செய்தால் வழுக்கித் திரும்பும். இந்த முறையில் குழாய் வடிவான ஆடிகளை ஒன்றனுள் ஒன்றாகச் செருகி அமைத்து, 1978-ஆம் ஆண்டு நவம்பரில் 'ஐன்ஸ்டைன்' விண்வெளித் தொலைநோக்கி ஏவப்பட்டது. பின்னணியின் ஒரு பகுதி தனிப் பொருள்களாகப் பிரிந்து தெரியலாயிற்று.

1990-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் நாள் ஏவப்பட்ட ஜெர்மனியின் 'ரோசாட்' தொலைநோக்கி, அம்மாத இறுதியிலேயே நிலவைப் படம் எடுத்தது. 1962-இல் தேடப்பட்டுக் கிடைக்காத நிலவு அப்போது கிடைத்தது. கதிரவன் ஒளிபடும் பாதி எக்ஸ் கதிரில் ஒளிர்ந்தது. மறுபாதியோ, பின்னால் உள்ள வானத்தைவிடக் கருத்திருந்தது. அதாவது, நிலவு பின்னணி ஒளியை மறைத்து நிழல் காட்டியது! இவ்வொளி நிலவுக்கும் அப்பாலிருந்து வருகிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமோ?

1999-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள் 'கொலம்பியா' விண்வெளி ஓடத்தில் ஏற்றிச் செல்லப்பட்ட தொலைநோக்கியின் பெயர் தமிழராகிய நமக்கு மகிழ்ச்சி தருவது. 'சந்திரா' என்பது அதன் பெயர். 1910-இல் லாகூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1983-இல் நோபல் பரிசு பெற்று, 1995-இல் மறைந்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக அப்பெயர் சூட்டப்பட்டது. எரிந்து தீர்ந்த விண்மீன் ஒன்று ஒரு குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்டதாயின், வெண்குள்ளன் என்னும் நிலையில் அமைதி பெற இயலாது என்பதை இளமையிலேயே கணக்கிட்டுக் காட்டியவர் அவர். அக்கணக்கு, கருந்துளைகளைப் பற்றிய சிந்தனைக்கு வழி திறந்தது. அவர் பெயர் தாங்கிய தொலைநோக்கி கண்டவையும் பெரும்பாலும் கருந்துளைகளே!

தென்வானில் ஒரு சிறிய பகுதியை, பல ஆண்டுகளாக மீண்டும் மீண்டும் நோக்கி, மொத்தம் எழுபது இலட்சம் விநாடிகள், அதாவது ஏறத்தாழ 81 நாள்கள், சந்திரா உற்றுப் பார்த்தது. முழுநிலவு மறைக்கும் பரப்பைவிடச் சிறியது அப்பகுதி. 2017-இல் வெளியான பட்டியலில் அச்சிறு பரப்பினுள் 1,008 பொருள்கள் இடம்பெற்றன. ஏறத்தாழ எட்டு அலகு வரையிலான ஆற்றல் கொண்ட பின்னணியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இவ்வாறு தனித்தனிப் பொருள்களாகப் பிரிந்தது. இத்துறைக்கு அடிகோலிய ஜியாக்கோனிக்கு 2002-இல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

திரைக்குப் பின்னே

ஒளியையும் விழுங்கும் கருந்துளையிலிருந்து ஒளி வருவது எவ்வாறு? விழுந்தபின் எதுவும் வெளிவராது. ஆனால் விழுவதற்கு முன் ஒளிர்வதற்குத் தடையில்லை. பெரிய விண்மீன் திரள்களின் நடுவே கதிரவனைப்போல் பல இலட்சம் முதல் பல நூறு கோடி மடங்கு எடையுள்ள கருந்துளைகள் உள்ளன. அவற்றை நோக்கி ஈர்க்கப்படும் வாயு, சுழன்று சுழன்று நெருங்கும்போது பெருவெப்பம் அடைந்து ஒளிர்கிறது. அங்கிருந்து எழும் எக்ஸ் கதிர்களே நாம் காணும் பின்னணியின் பெரும்பகுதி.

இங்கும் ஒரு சிக்கல் எழுந்தது. அண்மையில் உள்ள இத்தகைய கருந்துளைகளின் ஒளியை ஆராய்ந்தபோது, பின்னணி ஒளியைவிட அதில் ஆற்றல் குறைந்த கதிர்களின் பங்கு மிகுந்திருந்தது. பகுதிகளின் நிறம் ஒன்றாகவும் அவற்றின் தொகுதியின் நிறம் வேறாகவும் இருப்பது எங்ஙனம்? 1989-இல் செட்டி, வோல்ட்ஜர் என்னும் இருவர் விடை கூறினர். கருந்துளைகள் பல, அடர்ந்த வாயுவும் தூசும் சூழ்ந்த திரைக்குப் பின்னே மறைந்துள்ளன. திருவிழாப் பாட்டின் சொற்களைச் சுவர் தடுத்துவிடும். கொட்டுமுழக்கம் மட்டும் சுவரைக் கடந்து வரும். அதுபோல் ஆற்றல் குறைந்த கதிர்களைத் திரை விழுங்க, ஆற்றல் மிக்கவை மட்டும் வெளியேறுகின்றன. திரையற்றவற்றையும் திரையுள்ளவற்றையும் தக்க அளவில் கூட்டினால் பின்னணியின் நிறம் கிடைத்துவிடும்.

அவ்வாறாயின் திரைக்குப் பின்னுள்ளவை எத்தனை என்பதே முதன்மையான கேள்வி ஆகிறது. அதற்கு விடை காண, பின்னணி உச்சத்தை அடையும் 30 அலகு ஆற்றலுக்கு அருகில் அதைச் சரியாக அளக்க வேண்டும். பகுதிகளைக் கூட்டி வரும் தொகையை எதனோடு ஒப்பிடுவது? மொத்த அளவே ஐயத்துக்கு உரியதாயின் எஞ்சியது எவ்வளவு என்று எவ்வாறு கூறுவது?

தொல்லையே துணையானது

இதற்கு ஐரோப்பியர் கண்ட வழி துணிவு மிக்கது. 2002-இல் ஏவப்பட்ட 'இன்டெக்ரல்' செயற்கைக்கோளை 2006-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நான்கு முறை அசையாமல் நிறுத்தி, நம் பூமியே அதன் பார்வையின் குறுக்கே கடந்து செல்லுமாறு செய்தனர். பூமி வானத்தை மறைக்கும்போது ஒளி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவே பின்னணியின் அளவு. பூமியும் தன் பங்குக்குச் சிறிது எக்ஸ் கதிரை வெளியிடுவதால் அதையும் கணக்கிட்டுக் கழித்தனர். எச்.இ.ஏ.ஓ.-1 கண்ட அளவைவிடப் பத்தில் ஒரு பங்கு மிகுதி என்று முடிவு வந்தது.

2012-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் அமெரிக்கா ஏவிய 'நூஸ்டார்' தொலைநோக்கி, ஆற்றல் மிக்க எக்ஸ் கதிர்களையும் ஆடிகளால் குவிக்க வல்லது. அதன் ஆடிகள் ஒரு முனையிலும், உணர்கருவிகள் பத்து மீட்டர் நீளக் கம்பத்தின் மறுமுனையிலும் உள்ளன. இடையே குழாய் ஏதும் இல்லை, திறந்த வெளியே. ஆகையால் ஆடிகளின் வழியே வராமல், பக்கவாட்டு வானத்திலிருந்து நேரே நுழையும் ஒளியும் உணர்கருவியில் விழுகிறது. மங்கலான பொருளைக் காண முயல்வோர்க்கு இது பெருந்தொல்லை. படத்தைக் கெடுக்கும் அழுக்கு.

அந்த அழுக்கு எது என்று ஆய்வாளர் சிலர் சிந்தித்தனர். அதுதானே நாம் தேடும் பின்னணி ஒளி! அஃது உணர்கருவியின் ஓரிடத்தில் மிகுதியாகவும் மற்றோரிடத்தில் குறைவாகவும் விழுகிறது. எவ்விடத்தில் எவ்வளவு விழவேண்டும் என்பதைத் தொலைநோக்கியின் அமைப்பைக் கொண்டே கணக்கிடலாம். கருவியின் சொந்த இரைச்சலுக்கோ அந்த ஏற்றத்தாழ்வு இல்லை. எனவே ஏற்றத்தாழ்வைப் பின்பற்றினால் வானத்தை மட்டும் தனியே பிரித்தெடுக்கலாம். வேறு பொருள்களைக் காண எடுத்த படங்களைக் கொண்டே, மொத்தம் எழுபது இலட்சம் விநாடிகளின் குறிப்புகளை இவ்வாறு ஆராய்ந்து, 2021-இல் முடிவை வெளியிட்டனர். 3 முதல் 20 அலகு வரையிலான பின்னணி, எச்.இ.ஏ.ஓ.-1 அளந்ததைவிட ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பங்கு மிகுதி. இன்டெக்ரல் கண்ட அளவோடு ஒத்தது. பூமியைத் திரையாக்கிய கருவியும், பக்கவாட்டு ஒளியை அளந்த கருவியும், வெவ்வேறு வழிகளில் சென்று ஓரிடத்தில் சந்தித்தன. அளவீட்டில் நம்பிக்கை பிறப்பது இத்தகைய சந்திப்பினாலேயே.

எஞ்சிய பங்கு

நூற்றில் எட்டு என்பது சிறிய வேறுபாடாகத் தோன்றலாம். ஆனால் இப்பின்னணி ஒரு கணக்கேடு போன்றது. பிரபஞ்ச வரலாறு நெடுகிலும் கருந்துளைகள் எவ்வளவு பொருளை விழுங்கி வளர்ந்தனவோ, அதன் வரவு இவ்வொளியில் பதிந்திருக்கிறது. இன்று திரள்களின் நடுவே உள்ள கருந்துளைகளின் மொத்த எடையோடு அவ்வரவை ஒப்பிடும் வழியை 1982-இலேயே போலந்து அறிஞர் சோல்டன் வகுத்தார். ஏட்டின் மொத்தத் தொகை பிழையாயின், எங்கோ சில கருந்துளைகள் எண்ணப்படாமல் விடுபட்டிருக்கும்; அல்லது இல்லாதவை எண்ணப்பட்டிருக்கும்.

விடுபட்டவை உண்டு என்பதில் ஐயமில்லை. 2024-ஆம் ஆண்டு சனவரி 31-ஆம் நாள் ஜெர்மானியர் வெளியிட்ட 'இரோசிட்டா' தொலைநோக்கியின் பட்டியலில் ஏறத்தாழ ஒன்பது இலட்சம் எக்ஸ் கதிர்ப் பொருள்கள் இடம்பெற்றன. அரை வானத்தை ஆறு மாதம் நோக்கியதன் பயன் அது. ஆனால் அஃது ஆற்றல் குறைந்த கதிர்களில் கண்ட காட்சி. நூஸ்டார் நோக்கிய 8 முதல் 24 அலகு வரையிலான பகுதியில், 2016-இல் வெளியான முடிவின்படி, பின்னணியின் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மிகுதியே தனிப் பொருள்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. மிக அடர்ந்த திரைக்குப் பின்னே, கொட்டுமுழக்கமும் வெளியே கேளாத அளவு மறைந்துள்ள கருந்துளைகள் எத்தனை என்பது எஞ்சிய பங்கினுள் அடங்கியிருக்கிறது.

அன்பு வாசகர்களே, ஒரு விடை எவ்வளவு நேர்த்தியாகப் பொருந்தினாலும் வேறொரு வழியாலும் அதனைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்பதை வெப்ப வாயுவின் வரலாறு நமக்குக் கூறுகிறது. நாம் தள்ளிவிட எண்ணும் தொல்லையே நாம் தேடியதாக இருக்கலாம் என்பதை நூஸ்டாரின் வரலாறு கூறுகிறது. இன்றிரவு நீங்கள் முற்றத்தில் நின்று வானத்தை நோக்கும்போது, விண்மீன்களை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டாமல், அவற்றின் இடையே உள்ள இருளையும் காட்டுங்கள். அஃது இருள் அன்று என்றும், அதில் எவை எவை ஒளிர்கின்றன என்பதை இன்னும் எண்ணி முடிக்கவில்லை என்றும் அவர்களிடம் சொல்லுங்கள்.